ஏடிசி, டிஏசி சிப்புகளில் பயன்படாத பின்களும் சப்ளை பின்களும்: முழுமையான வழிகாட்டி

ஏடிசி (அனலாக் சிக்னலை டிஜிட்டல் எண்ணாக மாற்றுவது) அல்லது டிஏசி (எண்ணைத் திரும்ப அனலாக்காக மாற்றுவது) சிப் வைத்து போர்டு போடும்போது சிக்னல் வரும் பின்களை எல்லாரும் கவனமாகத்தான் பார்க்கிறார்கள். இன்புட் ஃபில்ட்டர், ஆம்ப்ளிஃபையர், எஸ்பிஐ லைன் எல்லாம் ஒழுங்காக இருக்கும். மிச்சமிருக்கும் பின்கள்தான் பாவம். ஸ்கீமேட்டிக் முடியும் நேரத்தில் சிலதை கிரவுண்டில் தட்டி, சிலதை அப்படியே விட்டு, ஃபைலை அனுப்பிவிடுகிறோம். 16 பிட் சிப் 12 பிட் சிப் போல நடந்துகொண்டால், காரணம் பல சமயம் அந்த மிச்சப் பின்களிலும் சப்ளை பின்களிலும்தான் இருக்கிறது.

எந்தப் பின்னையும் அதன் பெயரை மட்டும் பார்த்து இணைக்கக்கூடாது. சிப்புக்குள் அது எதனோடு சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் அடிப்படை இதுதான். இங்கே பேசுவது டேட்டா கன்வெர்ட்டர் சிப்புகளைப் பற்றி மட்டும். பவர் சப்ளையில் வரும் டிசி-டிசி கன்வெர்ட்டர் வேறு கதை.

படி 1: பின் பட்டியல் போடுங்கள்

ஸ்கீமேட்டிக்கைத் திறப்பதற்கு முன்னால் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறங்கள். பின் எண், பெயர், வகை, இந்த டிசைனில் அதற்கு என்ன வேலை, எங்கே இணைகிறது, டேட்டாஷீட்டில் எந்தப் பக்கம் அப்படிச் சொல்கிறது என்று ஆறு பத்திகள் போதும். கடைசிப் பத்திதான் முக்கியம். பக்க எண் எழுத முடியாத பின் என்றால், அதைப் பற்றி நீங்கள் இன்னும் படிக்கவில்லை என்று அர்த்தம். ஸ்கீமேட்டிக் மென்பொருளில் வைக்கும் 'இணைப்பு இல்லை' என்ற பெருக்கல் குறியையும் இந்தப் பட்டியல் முடிந்த பிறகே வையுங்கள். எச்சரிக்கையை வாயடைக்க அதை வைத்தால் அந்தக் குறிக்கு மதிப்பே இல்லை.

ஒரே பின் மோடுக்கு மோடு வேறு வேலை செய்யும் என்பதையும் பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள். ஏடி7606 என்ற 8 சேனல், 16 பிட் ஏடிசி இதற்கு நல்ல உதாரணம். பேரலல் மோடில் அதன் 16 டேட்டா பின்களும் அவுட்புட். சீரியல் மோடுக்குப் போனால் டேட்டா வெளியே வருவது அவற்றில் இரண்டில் மட்டும். மற்றவற்றை கிரவுண்டில் இணைக்கச் சொல்கிறது அதன் டேட்டாஷீட். 'அவுட்புட் பின்னை கிரவுண்டில் கட்டக்கூடாது' என்ற பொது விதியை மட்டும் தெரிந்து வைத்திருப்பவர் இங்கே அவற்றைத் தொங்க விட்டிருப்பார். பொது விதியும் டேட்டாஷீட்டும் முரண்பட்டால் டேட்டாஷீட் சொல்வதே முடிவு.

படி 2: டிஜிட்டல் இன்புட் எதுவும் மிதக்கக்கூடாது

சிமாஸ் இன்புட் என்பது இரண்டு டிரான்சிஸ்டர்களின் கேட். அதற்குள் மின்னோட்டம் கிட்டத்தட்ட போகவே போகாது. எங்கும் இணைக்காமல் விட்டால், மிகச் சிறிய கசிவு மின்னோட்டமோ பக்கத்து லைனில் ஓடும் கிளாக்கோ அதை எந்த வோல்டேஜுக்கும் இழுத்துச் செல்லும். சப்ளையின் பாதிக்கு அருகில் வந்து நின்றால் மேலே உள்ள டிரான்சிஸ்டரும் கீழே உள்ளதும் ஒரே நேரத்தில் கடத்தும். சப்ளையிலிருந்து கிரவுண்டுக்கு நேராக மின்னோட்டம் ஓடும். சில நேரம் அந்த இன்புட் ஆசிலேட்டும் ஆகும். சாதாரண லாஜிக் சிப்பில் இது மின்சார விரயம். ஏடிசியில் இது இன்னும் மோசம். 5 வோல்ட் ரெஃபரன்ஸ் (அளவுகோலாக வைக்கும் வோல்டேஜ்) உள்ள 16 பிட் ஏடிசிக்கு ஒரு எல்எஸ்பி (அது பிரித்தறியும் மிகச் சிறிய படி) என்பது சுமார் 76 மைக்ரோவோல்ட். அவ்வளவு சின்ன வித்தியாசத்தை அளக்கும் அதே சிலிக்கான் துண்டின் மேல்தான் இந்த மின்னோட்டமும் துடிக்கிறது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. சந்தேகப்படும் போர்டை இயக்கி, சப்ளை மின்னோட்டத்தைப் பார்த்துக்கொண்டே விரலை சிப்புக்கு அருகில் கொண்டுபோங்கள். தொடவே வேண்டாம். விரல் நெருங்கும்போது மின்னோட்டமோ ரீடிங்கோ அசைந்தால், ஏதோ ஒரு இன்புட் மிதக்கிறது.

எந்தப் பக்கம் கட்டுவது? பெயருக்கு மேல் கோடு இருந்தால் அந்தப் பின் லோ ஆகும்போது வேலை செய்யும். அப்படிப்பட்ட ரீசெட், பவர்டவுன், கிளியர் பின்கள் தேவையில்லை என்றால் ஹையில் கட்டுங்கள். டிஏசியில் எல்டாக் என்ற பின் பெரும்பாலும் இதற்கு எதிர்: அதை நிரந்தரமாக லோவில் கட்டினால், எழுதிய மதிப்பு உடனே அவுட்புட்டுக்கு வந்துவிடும். பல சேனல்களை ஒரே கணத்தில் மாற்றும் தேவை இல்லாதவருக்கு அதுவே போதும்.

ஹையில் கட்டும்போது எந்த சப்ளை என்று பாருங்கள். அனலாக் சப்ளை 5 வோல்ட், இன்டர்ஃபேஸ் சப்ளை 1.8 வோல்ட் என்று உள்ள சிப்பில், இன்டர்ஃபேஸ் சப்ளையைச் சேர்ந்த ரீசெட் பின்னை 5 வோல்ட்டில் கட்டினால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு டயோடு வழியாக மின்னோட்டம் பாயும். லோவுக்கு நேரடி இணைப்பு போதும். ஹைக்கு 10 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாகக் கட்டுவது எனக்குப் பிடித்த முறை. சோதனையின்போது அந்தப் பின்னை கையால் லோவுக்கு இழுத்துப் பார்க்க முடியும்.

சிப் செலக்ட் பின்னில் மட்டும் அவசரம் வேண்டாம். பஸ்ஸில் ஒரே ஒரு சிப்தானே என்று அதை லோவில் கட்டிவிடத் தோன்றும். எம்சிபி3008 போன்ற ஏடிசியில் ஒவ்வொரு கன்வெர்ஷனுக்கும் இடையில் சிப் செலக்ட் ஹை ஆகித் திரும்ப வேண்டும். லோவிலேயே நிறுத்தினால் அடுத்த கன்வெர்ஷன் தொடங்காது.

இன்னொன்று, பயன்படுத்தும் இன்புட்டும் மிதக்கும். மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட்டில் இருக்கும்போது அதன் பின்கள் பெரும்பாலும் ஹை இம்பீடன்ஸில்தான் இருக்கும். ஃபர்ம்வேர் எழுந்து பின்களை அவுட்புட்டாக மாற்றும்வரை ஏடிசியின் சிப் செலக்டும் ரீசெட்டும் அநாதையாக நிற்கும். அந்த லைன்களில் 10 முதல் 100 கிலோஓம் வரை ஒரு புல்அப் அல்லது புல்டவுன் வைத்துவிடுங்கள்.

படி 3: டிஜிட்டல் அவுட்புட்

இது சுருக்கமான படி. பயன்படாத அவுட்புட்டைத் திறந்தே விடுங்கள். பிசி (busy, கன்வெர்ஷன் நடக்கிறது என்று காட்டும் பின்), அலெர்ட், ஓவர்ரேஞ்ச், சீரியல் டேட்டா அவுட் எல்லாம் இதில் வரும். கிரவுண்டிலோ சப்ளையிலோ நேராகக் கட்டினால் அவுட்புட் எதிர்ப்பக்கம் போகும்போது ஷார்ட். பிசி போன்ற பின்னுக்கு ஒரு டெஸ்ட் பேட் மட்டும் வைத்துவிட்டால், பிறகு ஆசிலோஸ்கோப்பில் பார்க்கக் கைகொடுக்கும். இரு வழியும் வேலை செய்யும் பின்னாக இருந்தால் 10 கிலோஓம் வழியாக ஒரு பக்கம் இழுத்து வையுங்கள். அது இன்புட்டாக இருந்தாலும் மிதக்காது, அவுட்புட்டாக மாறினாலும் ஷார்ட் ஆகாது.

பேரலல் சிப்பில் எல்லா பிட்டும் வேண்டாம் என்றால், ஏடிசியில் மேல் பிட்களை எடுத்துக்கொண்டு கீழ் பிட்களைத் திறந்து விடுங்கள். டிஏசியில் அதே கீழ் பிட்கள் இன்புட். அவற்றை கிரவுண்டில் கட்ட வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வது சாதாரணமாக நடக்கும்.

படி 4: பயன்படாத அனலாக் பின்கள்

8 சேனல் ஏடிசியில் 3 சேனல்தான் தேவை, மீதி 5-ஐ ஃபர்ம்வேர் தொடவே போவதில்லை, அப்புறம் ஏன் கவலைப்பட வேண்டும்? மல்டிபிளெக்ஸர் சுவிட்ச் மூடாமல் இருந்தாலும் முழுமையாகப் பிரிந்துவிடுவதில்லை. மிதக்கும் பின் ஆன்டெனா போல அருகில் உள்ள சிக்னலைப் பிடிக்கும். அதன் வோல்டேஜ் சப்ளையைத் தாண்டினாலோ கிரவுண்டுக்குக் கீழே போனாலோ பாதுகாப்பு டயோடு கடத்தத் தொடங்கும். அந்த மின்னோட்டத்தில் ஒரு பங்கு நீங்கள் அளந்துகொண்டிருக்கும் பக்கத்து சேனலுக்கும் போகும்.

ஆகவே ஒற்றை முனை இன்புட் என்றால் அனலாக் கிரவுண்டில் கட்டுவது வழக்கம். பின்னால் அந்த சேனல் தேவைப்படலாம் என்று தோன்றினால் 1 கிலோஓம் வழியாகக் கட்டுங்கள். ரெசிஸ்டரைக் கழற்றினால் சேனல் திரும்பக் கிடைக்கும்.

ஆனால் இதை எல்லாச் சிப்புக்கும் ஒட்டிவிடாதீர்கள். ஏடிஎஸ்124எஸ்08 என்ற 24 பிட் டெல்டா-சிக்மா ஏடிசியின் டேட்டாஷீட், பயன்படாத அனலாக் இன்புட்களை மிதக்க விடலாம், அல்லது சப்ளையின் நடு வோல்டேஜிலோ அனலாக் சப்ளையிலோ கட்டலாம் என்கிறது. நெகட்டிவ் சப்ளையில், அதாவது ஒற்றை சப்ளை டிசைனில் கிரவுண்டில், கட்டவும் முடியும், ஆனால் கசிவு மின்னோட்டம் கூடலாம் என்று எச்சரிக்கிறது. தெர்மோகப்பிள், ஆர்டிடி போன்ற வெப்பநிலை சென்சார்களை அளக்கும் சிப்பில் நானோஆம்பியர் கூட ரீடிங்கை நகர்த்தும். அங்கே பழக்கதோஷத்தில் கிரவுண்டில் கட்டுவது தவறான தேர்வு.

டிஃபரன்ஷியல் ஜோடி என்றால் இரண்டு பின்னையும் ஒன்றாகச் சேர்த்து, அந்தச் சிப் ஏற்றுக்கொள்ளும் காமன்மோட் வோல்டேஜில் வையுங்கள். உள்ளே ஆம்ப்ளிஃபையர் உள்ள சிப்புகளில் கிரவுண்ட் அந்த எல்லைக்கு வெளியே இருக்கலாம்.

டிஏசியில் வோல்டேஜ் அவுட்புட் சேனல் தேவையில்லை என்றால் திறந்து விடுங்கள், முடிந்தால் ரெஜிஸ்டர் வழியாக அணைத்துவிடுங்கள். கிரவுண்டில் கட்டினால் அந்த பஃபர் ஷார்ட்டுக்குள் மின்னோட்டம் தள்ளிச் சூடாகும். கரன்ட் அவுட்புட் டிஏசி இதற்கு நேர்மாறானது. அதில் இரண்டு நிரப்பு அவுட்புட்களில் ஒன்றை மட்டும் பயன்படுத்தினாலும் மற்றதன் மின்னோட்டம் எங்காவது போயாக வேண்டும். அதைத் திறந்து விடாமல், டேட்டாஷீட் சொல்லும் இடத்தில் முடித்து வையுங்கள்.

ஏடிசிக்கு முன்னால் இரட்டை ஆப்-ஆம்ப் போட்டு ஒன்றை மட்டும் பயன்படுத்தினால், மற்றதை ஃபாலோவராக மாற்றுங்கள்: அவுட்புட்டை மைனஸ் இன்புட்டில் சேர்த்து, பிளஸ் இன்புட்டை சப்ளையின் நடு வோல்டேஜில் வையுங்கள்.

படி 5: 'என்சி' என்று போட்ட பின்கள்

சில சிப்பில் என்சி (no connect) என்றால் உள்ளே ஒன்றுமே இல்லை, கிரவுண்டில் கட்டினால் சூடு இறங்கவும் உதவும். வேறு சிலவற்றில் அது தொழிற்சாலைச் சோதனைக்கு வைத்த பின். அதை எங்கும் கட்டக்கூடாது. டிஎன்சி (do not connect) என்று தெளிவாகப் போட்டிருந்தால் பேட் மட்டும் போட்டு, அதிலிருந்து டிராக் எதுவும் எடுக்காமல் விடுங்கள்.

படி 6: சப்ளை பின்கள்

எல்லா சப்ளை பின்னுக்கும் சப்ளை போக வேண்டும். அந்தப் பகுதியை நீங்கள் பயன்படுத்தாவிட்டாலும்தான். ஏடிமெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலரில் ஏடிசியே தேவையில்லை என்றாலும் அனலாக் சப்ளை பின்னை முக்கிய சப்ளையோடு சேர்க்க வேண்டும் என்று டேட்டாஷீட் சொல்கிறது. போர்ட் சி-யின் சில பின்களும் அதிலிருந்துதான் இயங்குகின்றன. இரண்டுக்கும் 0.3 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. ஏடிசியைப் பயன்படுத்தினால் 10 மைக்ரோஹென்றி, 100 நானோஃபாரட் கொண்ட ஃபில்ட்டர் வழியாகக் கொடுக்கச் சொல்கிறது. ஒரே பெயரில் நான்கு சப்ளை பின்கள் இருந்தால் நான்கையும் வெளியே இணையுங்கள். உள்ளே சேர்ந்துதான் இருக்கும் என்று நம்பி ஒன்றை விட்டுவிடாதீர்கள்.

ஒவ்வொரு சப்ளை பின்னுக்கும் தனியாக ஒரு 100 நானோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர், சிப் ஒன்றுக்கு ஒன்றிரண்டு 10 மைக்ரோஃபாரட். இந்த எண்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் பலன் தருவது எண்ணைவிட இடம்தான். கெப்பாசிட்டருக்கும் பின்னுக்கும் இடையே உள்ள டிராக், வயா (போர்டின் அடுக்குகளை இணைக்கும் துளை) எல்லாம் சேர்ந்து 1 நானோஹென்றி இருந்தால், 100 நானோஃபாரட் அதனோடு சுமார் 16 மெகாஹெர்ட்ஸில் ரெசோனேட் ஆகும். அதற்கு மேல் அந்தக் கெப்பாசிட்டர் இண்டக்டர் போல நடக்கத் தொடங்கும். தூரமாக வைத்து 5 நானோஹென்றி ஆக்கினால் அந்த எல்லை சுமார் 7 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும்.

லேயவுட்டில் இதைச் சரியாகச் செய்ய ஒரு வரிசை உண்டு. பவர் பிளேனிலிருந்து வயா, வயாவிலிருந்து கெப்பாசிட்டர் பேட், அங்கிருந்து அகலமான சின்ன டிராக்கில் சிப்பின் பின். மின்னோட்டம் கெப்பாசிட்டரைக் கடந்துதான் பின்னை அடைய வேண்டும். வயா முதலில் பின்னுக்குப் போய், கெப்பாசிட்டர் ஒரு வால் போலத் தொங்கினால் பாதிப் பலன் போச்சு. கெப்பாசிட்டரின் கிரவுண்ட் பேடுக்குத் தனி வயா வேண்டும். இரண்டு கெப்பாசிட்டர்கள் ஒரே வயாவைப் பகிர்ந்தால் ஒன்றின் சத்தம் மற்றதற்குப் போகும். சிப் இருக்கும் பக்கத்திலேயே கெப்பாசிட்டரையும் வையுங்கள்.

கெப்பாசிட்டர் வகையையும் கவனியுங்கள். சின்ன அளவு செராமிக்கில் 6.3 வோல்ட்டுக்கான 10 மைக்ரோஃபாரடை வாங்கி 5 வோல்ட்டில் வைத்தால் உண்மையில் கிடைப்பது பாதிக்கும் குறைவாக இருக்கலாம். தயாரிப்பாளரின் டிசி பயஸ் வரைபடத்தைப் பார்த்து, வோல்டேஜ் ரேட்டிங்கிலோ அளவிலோ ஒரு படி மேலே போங்கள். எக்ஸ்7ஆர் நல்லது, ஒய்5வி வேண்டாம்.

அனலாக் சப்ளையையும் டிஜிட்டல் சப்ளையையும் ஒரே ரெகுலேட்டரிலிருந்து கொடுக்கலாமா? கொடுக்கலாம், நடுவில் ஒரு தடுப்பு வைத்து. கை உடனே ஃபெரைட் பீடுக்குப் போகும். ஆனால் பீடும் கெப்பாசிட்டரும் சேர்ந்து ரெசோனேட் ஆகும்: 1 மைக்ரோஹென்றியும் 100 நானோஃபாரடும் சேர்ந்தால் சுமார் 500 கிலோஹெர்ட்ஸ். பல சுவிட்சிங் ரெகுலேட்டர்கள் ஓடுவதும் அந்தப் பக்கம்தான். அந்த அதிர்வெண்ணில் பீட் சத்தத்தைக் குறைக்காமல் கூட்டிவிடும். மின்னோட்டம் சில மில்லிஆம்பியர்தான் என்றால் நான் 10 ஓம் ரெசிஸ்டரையே வைப்பேன். 2 மில்லிஆம்பியருக்கு 20 மில்லிவோல்ட்தான் குறையும். 10 மைக்ரோஃபாரடோடு சேர்ந்து 1.6 கிலோஹெர்ட்ஸிலிருந்தே வடிகட்டும், ரெசோனன்ஸ் தொல்லையும் இல்லை.

படி 7: இரண்டு கிரவுண்ட் பின்கள், ஒரே தரை

அனலாக் கிரவுண்ட், டிஜிட்டல் கிரவுண்ட் என்று இரண்டு பெயர்களைப் பார்த்ததும் போர்டையே இரண்டாக வெட்டி, ஒன்றை அனலாக் பக்கமும் மற்றதை டிஜிட்டல் பக்கமும் இணைக்கிறார்கள். பெயர் ஏமாற்றும் இடம் இது. அந்தப் பெயர்கள் சிப்புக்குள் அந்தப் பின் எந்தப் பகுதியோடு சேர்ந்திருக்கிறது என்பதைத்தான் சொல்கின்றன. வெளியே எங்கே இணைக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

சிலிக்கானிலிருந்து பின்னுக்கு வரும் மெல்லிய கம்பிக்கு ஒரு மில்லிமீட்டருக்கு சுமார் 1 நானோஹென்றி இண்டக்டன்ஸ் உண்டு. டிஜிட்டல் பகுதி சுவிட்ச் ஆகும்போது அந்தக் கம்பியில் சின்ன வோல்டேஜ் குதிக்கும். அனலாக் பகுதி அதே கம்பியைப் பகிரக்கூடாது என்பதற்காகவே தயாரிப்பாளர் இரண்டு தனிப் பின்கள் கொடுத்தார். வெளியே அவை இரண்டையும் மிகக் குட்டையான வழியில் ஒரே கிரவுண்ட் பிளேனில் இறக்க வேண்டும். டிஜிட்டல் கிரவுண்ட் பின்னைத் தூரத்து டிஜிட்டல் தரையில் கட்டினால் அந்த வழியின் இம்பீடன்ஸ் கூடுகிறது, உள்ளே குதிக்கும் வோல்டேஜும் பெரிதாகிறது, சிப்புக்குள் இருக்கும் சிறு கெப்பாசிட்டன்ஸ் வழியாக அது அனலாக் பகுதிக்கே வந்து சேர்கிறது. இரண்டு பின்களுக்கும் இடையே பொதுவாக 0.3 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது என்ற உச்ச வரம்பு வேறு இருக்கிறது.

பெரும்பாலான போர்டுகளுக்கு வெட்டாத ஒரே பிளேன் போதும். அனலாக் பாகங்களை ஒரு பக்கமும் டிஜிட்டல் பாகங்களை மறுபக்கமும் வைத்து, நடுவில் ஏடிசியை உட்கார வையுங்கள். டிஜிட்டல் மின்னோட்டம் அனலாக் பகுதிக்குக் கீழே ஓடாமல் பார்த்துக்கொண்டால் வெட்டவே தேவையில்லை. சிப்பின் வயிற்றில் உலோகப் பேட் இருந்தால் அதுவும் ஒரு பின்தான். டேட்டாஷீட் சொல்லும் நெட்டில் அதை சாலிடர் செய்து, பல வயாக்கள் போடுங்கள்.

படி 8: ரெஃபரன்ஸும் உள் ரெகுலேட்டர் பின்களும்

ரெஃபரன்ஸ் பின்னில் வரும் சத்தம் நேராக ரீடிங்கில் வரும், அதை எந்த ஃபில்ட்டரும் பிறகு எடுக்காது. சார் (SAR, பிட் பிட்டாகத் தேடிக் கண்டுபிடிக்கும்) வகை ஏடிசி ஒவ்வொரு பிட்டைத் தீர்மானிக்கும்போதும் ரெஃபரன்ஸிலிருந்து கொஞ்சம் சார்ஜ் இழுக்கும். அதைத் தரப்போவது பக்கத்தில் உள்ள கெப்பாசிட்டர்தான். ஆகவே போர்டில் முதலில் இடம் பிடிக்க வேண்டியது அது. ஏடி7606-இல் ரெஃபரன்ஸ் பஃபரின் இரண்டு கெப்பாசிட்டர் பின்களையும் ஒன்றாகச் சேர்த்து 10 மைக்ரோஃபாரட் வைக்க வேண்டும். உள் ரெகுலேட்டரின் இரண்டு பின்களுக்கோ தனித்தனியாக 1 மைக்ரோஃபாரட். இப்படி உள் ரெகுலேட்டருக்கு வைத்த பின்னில் வோல்டேஜ் தெரிகிறதே என்று வேறு எதையும் ஓட்டாதீர்கள்.

உள் ரெஃபரன்ஸைப் பயன்படுத்தும்போது அந்தப் பின்னில் வெளி வோல்டேஜ் கொடுக்கக்கூடாது. ஏடிமெகா328பி-யின் ஏரெஃப் பின்னை 5 வோல்ட்டில் கட்டிவிட்டு மென்பொருளில் உள் ரெஃபரன்ஸைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். அங்கே கிரவுண்டுக்கு ஒரு 100 நானோஃபாரட் மட்டும் போதும்.

படி 9: எந்த சப்ளை முதலில் வருகிறது

ஏடிசிக்கு இன்னும் சப்ளை வரவில்லை, ஆனால் சென்சாரோ மைக்ரோகன்ட்ரோலரோ ஏற்கெனவே 3.3 வோல்ட் தருகிறது என்று வையுங்கள். அந்த வோல்டேஜ் பாதுகாப்பு டயோடு வழியாகச் சிப்பின் சப்ளை லைனுக்கே ஏறிவிடும். சிப் அரைகுறையாக எழுந்து, பிறகு உண்மையான சப்ளை வரும்போது ரீசெட் ஒழுங்காக நடக்காமல் தவறான நிலையில் மாட்டிக்கொள்ளும். மின்னோட்டம் அதிகமானால் லேட்ச்அப் (சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் இடையே உள்ளேயே ஷார்ட் போல மாட்டிக்கொள்வது) ஆகிச் சிப்பே போய்விடலாம். பல டேட்டாஷீட்களில் பின் வோல்டேஜுக்கு வரம்பு சப்ளைக்கு மேல் 0.3 வோல்ட், மின்னோட்டத்துக்கு 10 மில்லிஆம்பியர். இன்புட்டில் தொடர் ரெசிஸ்டர் வைத்து மின்னோட்டத்தைக் கட்டுங்கள். ஃபர்ம்வேரில் ஏடிசி சப்ளையை அணைப்பதற்கு முன் அதற்குப் போகும் எல்லா லைனையும் லோவுக்குக் கொண்டுவாருங்கள், பேட்டரியில் ஓடும் கருவிகளில் இது மறந்துபோகும்.

படி 10: போர்டு வந்ததும்

முதலில் மல்டிமீட்டரை எடுத்து, சப்ளை இல்லாமலேயே படி 1-இன் பட்டியலை ஒவ்வொரு பின்னாகச் சரிபாருங்கள். பிறகு மின்னோட்ட வரம்பு வைத்த பெஞ்ச் சப்ளையில் இயக்குங்கள். எல்லாம் அமைதியாக இருந்தால் அளக்கும் சேனலின் இன்புட்டை, சிப் அனுமதித்தால், போர்டிலேயே கிரவுண்டில் ஷார்ட் செய்து சில ஆயிரம் ரீடிங் எடுத்து ஹிஸ்டோகிராம் போடுங்கள். பூஜ்யம் ரேஞ்சின் ஓரத்தில் இருக்கும் ஒற்றை முனைச் சிப்பில் பாதி ஹிஸ்டோகிராம் வெட்டுப்பட்டுவிடும். அங்கே ஷார்ட்டுக்குப் பதில் சத்தம் குறைந்த ஒரு நடு வோல்டேஜைக் கொடுங்கள். நடுவில் ஒரே ஒரு மணி வடிவம், அகலம் டேட்டாஷீட் சொல்வதற்கு அருகில் என்றால் சப்ளையும் கிரவுண்டும் நன்றாக இருக்கின்றன. இரண்டு திமில் தெரிந்தால் ஏதோ ஒரு சீரான சிக்னல் உள்ளே நுழைகிறது.

அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க எஃப்எஃப்டி (ரீடிங்கில் எந்தெந்த அதிர்வெண் இருக்கிறது என்று காட்டும் கணக்கு) எடுங்கள். 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் கோடு நின்றால் மெயின்ஸ். வேறு இடத்தில் நின்றால் ஏடிசியின் சாம்பிளிங் வேகத்தைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். 500 கிலோஹெர்ட்ஸ் ரெகுலேட்டரின் சத்தம் 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங்கில் 20 கிலோஹெர்ட்ஸில் தெரியும், 49 ஆக்கினால் 10 கிலோஹெர்ட்ஸுக்கு நகரும். சரியாக 50 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் அது எஃப்எஃப்டியில் கோடாகவே தெரியாது. பூஜ்யத்தில் போய் உட்கார்ந்து, மெதுவாக நகரும் ஆஃப்செட் போல வேஷம் போடும். வெப்பநிலையால் ரீடிங் நகர்கிறது என்று முடிவு செய்து ஆம்ப்ளிஃபையரை மாற்றப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் சாம்பிளிங் வேகத்தை ஒரு கிலோஹெர்ட்ஸ் தள்ளி வைத்து அதே அளவீட்டைத் திரும்ப எடுங்கள்.